போர்க்வார்ட்காரன் மனைவி

ஆல்முட் பத்தொன்பது வயதில் சதுப்புநிலத்துப் பண்ணையை விட்டு துறைமுக நகரமான பிரேமனுக்கு வேலைக்குக் கிளம்பியபோது, அவள் அம்மா சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். "கப்பல்காரனை மட்டும் கட்டிக்காதேடி. ஆயுசு பூரா வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்."

ஆல்முட் அம்மா பேச்சைத் தட்டவில்லை. துறைமுகத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல், ஊரின் கிழக்கே செபால்ட்ஸ்புரூக்கில் இருந்த போர்க்வார்ட் கார் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இருக்கைகளுக்கு உறை தைக்கும் கூடத்தில் வேலை. நீளமான கூடம், வரிசையாகத் தையல் எந்திரங்கள், காதைப் பிளக்கும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசிப் பழகியதால், தையல் கூடத்துப் பெண்கள் தேவாலயத்தில் ரகசியம் பேசினால்கூடப் பாதிரியாருக்குக் கேட்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அது 1954. அந்த வருடம்தான் இசபெல்லா என்ற கார் வெளிவந்தது. உருண்ட தோள்களும் முகப்பில் வைர வடிவச் சின்னமுமாக அந்த வண்டி தெருவில் போனால், வண்டி போன பிறகும் ஜனங்கள் கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். போர் முடிந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. இடிந்த வீடுகள் பாதிக்குப் பாதி அப்படியே கிடந்தன. அந்தக் காலத்தில், அந்த ஊரிலிருந்து, அப்படி ஒரு அழகு கிளம்பி வந்தது பலருக்கும் நம்ப முடியாததாக இருந்தது. டாக்டர்களும் வக்கீல்களும் வாங்கினார்கள். தைக்கிற பெண்களுக்கு அதை வாங்க வக்கில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒன்று எதிர்ப்பட்டால், "நம்ம வண்டி போகுது பாரு" என்று கையை நீட்டுவார்கள்.

ரைமர் க்ரோகர் அவளிடம் முதலில் பேசியது சாப்பாட்டுக் கூடத்தில். பட்டாணி சூப் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தான். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பெரிய பிரஸ்களுக்கு அச்சு பொருத்துகிறவன். நல்ல உயரம், நெற்றியில் விழும் வைக்கோல் நிற முடி.

"சீட்டு தைக்கிறது நீங்கதானே?"

"நான் மட்டுமா தைக்கிறேன்? அறுபது பேர் தைக்கிறோம்."

"நேத்து ஒரு இசபெல்லாவில சும்மா உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திரிக்கவே மனசு வரல. மேஸ்திரி வந்து காலைப் பிடிச்சு இழுத்தாரு. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"உங்களாலதானே வாங்கினேன்? ஞாயித்துக்கிழமை என்கூட ஆத்தங்கரைக்கு நடக்க வந்தீங்கன்னா சரியாப்போயிடும்."

அவள் போனாள். இரண்டு வருடத்தில் கல்யாணம். அந்த ஊர் வழக்கப்படி பெரிய தட்டுகளில் வெண்ணெய் கேக் வைத்தார்கள். அங்கே கல்யாணத்துக்கும் அதுதான், இழவுக்கும் அதுதான். அடுத்த வருடம் ஹைன்கே பிறந்தாள்.

அவர்களும் ஒரு கார் வாங்கினார்கள். இசபெல்லா அல்ல, அதே முதலாளியின் இன்னொரு கம்பெனி செய்த பழைய லாய்டு. மரப்பலகையின் மேல் தோல் மாதிரி ஒரு துணியை ஒட்டிச் செய்த குட்டி வண்டி. ஊரே அதைக் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி என்று நையாண்டி செய்தது. பக்கத்து வீட்டு கெசீனேயின் கணவன் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்தான். கார்காரர்களைச் சீண்டுவதென்றால் கெசீனேவுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"என்ன ரைமர், மழை வர்ற மாதிரி இருக்கே. உங்க வண்டியை உள்ள கொண்டுபோய்ப் போடு. உரிஞ்சு வந்துடப் போகுது."

"உரிஞ்சா நல்லதுதான் கெசீனே. உங்க வாய்க்கு ஒரு துண்டு ஒட்டிடலாம்."

அந்த வண்டியில் மூன்று பேரும் கோடைதோறும் கடற்கரைக்குப் போனார்கள். ரைமருக்குப் பாட வராது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் பாடாமல் இருக்கவும் வராது. பின்னால் ஹைன்கே காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். தன் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று பிற்பாடு யாராவது கேட்டால், ஆல்முட் யோசிக்கவே மாட்டாள். அந்தச் சாலையைத்தான் சொல்வாள்.

கடைசியாகக் கம்பெனி ஒரு பெரிய வண்டியைச் செய்தது. சக்கரங்களுக்கு மேலே சுருள்கம்பிக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். மேடு பள்ளம் தெரியாமல் மிதந்து போகும். அதன் தகட்டு அச்சுகளைப் பொருத்தியவர்களில் ரைமரும் ஒருவன். பிள்ளை பெற்ற மாதிரி அதைப் பற்றியே பேசினான். தெற்கே ஸ்டுட்கார்ட்டில் இருந்த போட்டிக் கார் கம்பெனியை நினைத்து, "ஸ்டுட்கார்ட்காரன் தூங்க மாட்டான் பாரு இனிமே" என்பான்.

தூக்கம் போனது ஸ்டுட்கார்ட்காரனுக்கு அல்ல. 1960 குளிர்காலத்தில் கம்பெனி கடனில் தள்ளாடுகிறது என்று ஒரு வாரப் பத்திரிகை நீளமாக எழுதியது. விற்காத வண்டிகள் முற்றத்தில் பனியை வாங்கிக்கொண்டு நின்றன. 1961 பிப்ரவரியில் நகர அரசே கம்பெனியை எடுத்துக்கொண்டதாக வானொலியில் சொன்னார்கள்.

"அரசாங்கமே எடுத்துக்கிச்சுன்னா அப்புறம் என்ன பயம்?" என்றான் ரைமர். "இருபதாயிரம் பேரை நடுத்தெருவில விட்டுடுவாங்களா?"

ஆல்முட் வானொலியை அணைத்தாள். அவள் கூடத்தில் நூல்கண்டுகளை எண்ணிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

செப்டம்பரில், கடனை அடைக்க வழியில்லை என்று கம்பெனியை மூடினார்கள். எந்திரத்தில் இருக்கிறதை மட்டும் தைத்து முடிக்கச் சொன்னார்கள். பெண்கள் தைத்து முடித்தார்கள். ஒருத்தியும் அவசரப்படவில்லை. கடைசித் தையல் முடிந்து எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றபோது, அந்தக் கூடத்தில் முதல்முறையாக ஆட்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கடைசியாக வெளிவந்த இசபெல்லாவின் மேல் யாரோ ஓர் அட்டையைச் சாத்தியிருந்தார்கள். இந்த உலகத்துக்கு நீ ரொம்ப நல்லவளாக இருந்துவிட்டாய் என்று எழுதியிருந்தது.

ஆனால் பட்டினி கிடக்கவில்லை யாரும். அது வேலை நிறைய இருந்த காலம். தெற்கிலிருந்தும், வண்டு வடிவத்தில் கார் செய்கிற வோல்ஃப்ஸ்பர்க்கிலிருந்தும் ஆட்களைப் பொறுக்க வந்து வாசலிலேயே நின்றார்கள். ரைமரோடு அச்சு பொருத்திய டெட்மார் உடனே கையெழுத்துப் போட்டான்.

"வாடா. வோல்ஃப்ஸ்பர்க்ல வீடும் தர்றாங்க."

"அந்த வண்டைச் செய்யறதுக்கா?"

"வண்டோ நண்டோ, சோறு போடுது இல்ல?"

"போடட்டும். எனக்கு வேணாம்."

டெட்மார் ஆல்முட்டைத் திரும்பிப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். கணவனின் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். அப்போது அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ரைமர் கப்பல் கட்டும் தளத்தில் பற்றவைப்பு வேலைக்குப் போனான். கெசீனேயின் கணவனுக்குக் கீழே. கெசீனே அதைப் பற்றி ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம் போலிருந்தது ஆல்முட்டுக்கு. அவளும் படகுப் பாய் தைக்கும் இடம் ஒன்றில் சேர்ந்தாள். வீட்டில் பேச்சு குறைந்தது. லாய்டு பழுதாகி நின்றபோது ரைமர் அதை விற்றுவிட்டான். வேறு வண்டி வாங்கவில்லை.

1963 கோடையில் முதலாளி காலமானார். அதற்குச் சில வருடங்கள் கழித்து, கம்பெனி கொடுக்க வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை என்று செய்தி வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ரைமர் தட்டைத் தள்ளி வைத்தான்.

"கேட்டியா? எல்லாருக்கும் கொடுத்தாச்சாம். அப்போ எதுக்கு மூடினாங்க? நல்லா இருந்த உடம்பை உயிரோட பொதைச்சிருக்காங்க."

"இனிமே தெரிஞ்சு என்ன செய்ய, ரைமர்?"

"தெரியாமலே இருந்திருக்கலாம்கிறியா?"

"சாப்பிடுன்னு சொல்றேன்."

காப்பாற்றியிருக்க முடியுமா, முடியாதா என்று அந்த ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ரைமர் எந்தக் கட்சி என்று கேட்கவே வேண்டாம்.

அந்தப் பெரிய வண்டியின் அச்சுகளையும் பிரஸ்களையும் மெக்சிகோக்காரர்கள் வாங்கினார்கள். மான்டெரே என்ற ஊரில் அதே வண்டியை, அதே பெயரில், மறுபடி செய்யப்போகிறார்களாம். எந்திரங்களைப் பொருத்தி ஓட்டிக்காட்டப் பழைய ஆட்கள் வேண்டும். 1966இல் ரைமருக்கு அழைப்பு வந்தது. வோல்ஃப்ஸ்பர்க்கை விட்டுவிட்டு டெட்மாரும் கிளம்பினான்.

"ரெண்டே வருஷம்," என்றான் ரைமர்.

"எங்களையும் கூட்டிட்டுப் போ."

"முதல்ல நான் போய்ப் பார்க்கிறேன். இருக்க இடம் எப்படி, தண்ணி எப்படி, ஒண்ணும் தெரியாது. ஹைன்கே பள்ளிக்கூடம் வேற."

சொன்னதெல்லாம் நியாயம்தான். பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் அம்மாவும் பெண்ணும் வழியனுப்ப நின்றார்கள். பெரிய மரப்பெட்டிகளைக் கிரேன் தூக்கிக் கப்பலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. ரைமர் அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "மெதுவா, மெதுவா" என்று கீழேயிருந்து கத்தினான். காற்றில் முடி பறக்க, அவன் முகம் பழைய ரைமரின் முகமாக இருந்தது. ஐந்து வருடமாக அந்த வீட்டில் யாராலும் வரவழைக்க முடியாத முகம். நம்மைப் பிரிகிற நாளில்தானா இந்தச் சந்தோஷம் வர வேண்டும் என்று ஆல்முட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அதை அழுகை என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தான்.

1968 கிறிஸ்துமஸுக்கு அவன் வந்தான். வெயிலில் செம்பாகக் கறுத்திருந்தான். கோஸ் கீரையும் புகையூட்டிய தொத்திறைச்சியும் சமைத்து வைத்தாள். இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, மான்டெரேயில் செய்த வண்டிகளின் படங்களை மேஜையில் பரப்பினான்.

"இதைப் பாரு. இந்த பானெட் நம்ம அச்சுல வந்தது. ஒரு சுருக்கம் இருக்கா?"

"இல்ல," என்றாள் ஆல்முட்.

பதினொரு வயது ஹைன்கே ஒரு படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். "அப்பா, நீ எப்போ திரும்பிப் போகணும்?" என்று கேட்டாள்.

எப்போது திரும்பி வருவாய் என்றல்ல. ரைமருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் பாத்திரம் துடைக்க வந்து நின்றான்.

"நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்களேன்."

ஆல்முட் கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கவில்லை. "ரெண்டு வருஷம்னு சொன்னே. முடிஞ்சுது. இப்போ நீதான் வரணும்."

"அங்க இப்பத்தான் சூடு பிடிச்சிருக்கு. நான் வந்துட்டா யாரு பார்ப்பாங்க?"

"இங்க யாரு பார்த்தாங்க?"

"ஆல்முட், ஒரு வருஷம்…"

"உனக்கு அந்த வண்டி வேணும். அது இருக்கிற இடத்துக்கு நாங்களும் வந்து நிக்கணும். நான் வரமாட்டேன்."

அவன் மேற்கொண்டு வற்புறுத்தியிருந்தால் அவள் இறங்கி வந்திருப்பாள். இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். அவன் துண்டை மடித்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான். புது வருடம் பிறந்ததும் புறப்பட்டான்.

1970இல் மான்டெரே தொழிற்சாலையும் மூடப்பட்டது. செய்தி கேட்டு ஆல்முட்டுக்கு வந்தது துக்கம் இல்லை. வீட்டைக் கழுவித் துடைத்தாள். அவனுடைய அலமாரியைக் காலி செய்து வைத்தாள்.

"அப்படியென்ன கொண்டாட்டம்?" என்று கேட்டாள் கெசீனே.

"இனிமே அங்க என்ன இருக்கு? வந்துதானே ஆகணும்?"

அவன் வரவில்லை. அங்கேயே தண்ணீர் எந்திரங்கள் பழுதுபார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது, கொஞ்ச நாள் பார்க்கிறேன் என்று எழுதினான். இரண்டாம் தடவையும் தோற்றுவிட்டு பிரேமனில் எப்படித் தலைகாட்டுவது என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அவள் பதில் எழுதினாள். வா என்று எழுதினாளா என்றால், எழுதவில்லை. ஹைன்கேயின் மதிப்பெண்களையும் கூரை ஒழுகுவதையும் எழுதினாள். வா என்பதைத்தான் 1968இலேயே சொல்லியாயிற்றே என்பது அவள் எண்ணம். இப்படியே கழிந்தது.

1972 வசந்தத்தில் டெட்மார் அங்கிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். கெசீனே வீட்டில்தான் தொலைபேசி இருந்தது. கெசீனே வேலிக்கு மேலாகக் கூப்பிட்ட குரலிலேயே ஆல்முட்டுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ரைமர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தெருவிலேயே விழுந்திருக்கிறான். நெஞ்சு நின்றுபோயிருக்கிறது. கிடைத்த முதல் விமானத்தில் ஏறினார்கள். ஆனாலும் அம்மாவும் பெண்ணும் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வெயில் ஊர், வைத்திருக்க முடியவில்லை என்று டெட்மார் மன்னிப்புக் கேட்டான். டெட்மார் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, அந்த ஊர் மொழியைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசினான்.

கல்லறையைப் பார்த்த பிறகு ரைமர் தங்கியிருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனான். வழியெல்லாம் ஆல்முட் மனதைத் தயார்செய்துகொண்டாள். ஒரு பெண் இருப்பாள். அவளுக்கு ஒரு குழந்தைகூட இருக்கலாம். இருந்தால் நல்லது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. இருந்தால் கோபப்படலாம். ஆனமட்டும் திட்டிவிட்டு ஊருக்குத் திரும்பலாம்.

கதவைத் திறந்தவள் வீட்டுக்காரி எவுஃபெமியா. எழுபது வயதிருக்கும். ஆல்முட்டைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள், அழுதாள், மறுபடி சொன்னாள். டெட்மார் மொழிபெயர்க்கத் தயங்கினான்.

"என்ன சொல்றாங்க?"

"கடைசியில வந்துட்டீங்களேன்னு சொல்றாங்க."

சுத்தமான சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மேஜை. ஜன்னலில் பூப்போட்ட திரை. எவுஃபெமியா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே பேசினாள். டெட்மார் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அடுத்த மாசம் என் பொண்டாட்டி வர்றா, அடுத்த மாசம் வர்றான்னு சொல்லிட்டே இருப்பானாம். இந்தத் திரைகூட அதுக்காக மாத்தினதாம். அவளுக்குத் துணிமணி விஷயத்தில கண்ணு நுணுக்கம், பழசைப் பார்த்தா திட்டுவான்னு சொன்னானாம்."

ஆல்முட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "நான் எப்போ வர்றேன்னு சொன்னேன்?" என்றாள்.

எவுஃபெமியா டெட்மாரைப் பார்த்தாள்.

"டெட்மார், நான் எப்போ வர்றேன்னு சொன்னேன்? அவன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். நான் வரமாட்டேன்னேன்."

எவுஃபெமியா ஒன்றும் புரியாமல் அவள் தலையைத் தடவினாள். ஹைன்கே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். திரும்பவே இல்லை.

பிரேமனுக்குத் திரும்பி வந்த அன்று கெசீனே ஒரு தட்டு வெண்ணெய் கேக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். ஆல்முட் ஒரு துண்டை எடுத்துக் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தாள்.

பல வருடம் கழித்து, ஹைன்கேயும் கல்யாணமாகித் தனியே போன பிறகு, ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள்: "நீ போயிருக்கலாம்மா."

"போயிருக்கலாம்," என்றாள் ஆல்முட். அவ்வளவுதான் அவர்கள் அதைப் பற்றிப் பேசியது.

செபால்ட்ஸ்புரூக்கில் பழைய இடம் ஸ்டுட்கார்ட்காரர்கள் கைக்குப் போயிருந்தது. எழுபதுகளின் கடைசியில் அங்கே மறுபடி கார் செய்யத் தொடங்கினார்கள். ஆல்முட் போய் வேலை கேட்டாள். இருக்கை தைக்கத்தான்.

"ரைமர் இருந்தா உன்னை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டான்," என்றாள் கெசீனே.

"இருந்தாத்தானே கெசீனே."

கூடம் புதிது, எந்திரங்கள் புதிது, முன்னைப்போலக் கத்த வேண்டியதில்லை. இளம்பெண்கள் அவளிடம் போர்க்வார்ட் காலத்தைப் பற்றிக் கேட்பார்கள். அப்படியா, அவ்வளவு நல்ல வண்டியா என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தைப்பாள். ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தாள்.

தொண்ணூறுகளில் ஒரு சனிக்கிழமை, நகரச் சந்தைக்குப் போனவள், வழியில் இசபெல்லாக்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தாள். பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து கூடியிருந்தார்கள். இருபது முப்பது இருக்கும். எல்லாம் கண்ணாடியாகப் பளபளத்தன. அவள் நின்றதைப் பார்த்து, ஹானோவரிலிருந்து வந்த ஒருவர் துடைப்பதை நிறுத்தினார்.

"ஏறுங்க பாட்டி, ஒரு சுத்து போயிட்டு வரலாம். இதில போயிருக்கீங்களா எப்பவாவது?"

"போனதில்ல," என்றாள். தைத்ததோடு சரி.

அவர் கதவைத் திறந்துவிட்டார். வண்டி ஆற்றங்கரைப் பக்கமாகத் திரும்பியது. அவர் வாய் ஓயாமல் பேசினார். எவ்வளவு முன்னோடி, எவ்வளவு அழகு, இப்போதெல்லாம் யார் இப்படிச் செய்கிறார்கள். "ஒரே ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்!"

"குறை ஒண்ணும் இல்ல. நல்ல வண்டி," என்றாள் ஆல்முட். கொஞ்சம் பொறுத்து, "என் வீட்டுக்காரரும் போர்க்வார்ட்காரர்தான்," என்றாள்.

"அட! முன்னாடியே சொல்லக் கூடாதா! இருக்காரா அவரு?"

"மெக்சிகோவில இருக்காரு."

"கொடுத்து வெச்சவரு. அங்க நல்ல வெயில் அடிக்குமே."

"ஆமா," என்றாள். "நல்ல வெயில்."

சந்தைக்குப் பக்கத்து டிராம் நிறுத்தத்தில் இறக்கிவிடச் சொன்னாள். அவர் இறங்கி வந்து அவளுக்காகக் கதவைத் திறந்தார். அவள் நன்றி சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோஸ் கீரை தீர்ந்துபோவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று சந்தையைப் பார்த்து நடந்தாள்.